அம்மா ஒரு வாரம் அந்தமான் வருகிறார்: முழங்கால் வலியோடு எவ்வளவு சுற்றலாம்?

கேள்வி: ஜங்கிளிகாட் வாசி

போர்ட் பிளேயருக்கு, அதாவது இப்போதைய ஸ்ரீ விஜயபுரத்துக்கு, வங்கி வேலையில் மாற்றலாகி வந்து ஓராண்டு ஆகப்போகிறது. ஜங்கிளிகாட்டில் வாடகை வீடு. பிப்ரவரி இரண்டாம் வாரம் அம்மா வருகிறார். அம்பாசமுத்திரத்தை விட்டு இவ்வளவு தூரம் வருவது அவருக்கு இதுவே முதல் தடவை. விமானம் ஏறுவதும் முதல் தடவை. அக்கா சென்னையில் ஏற்றிவிடுகிறார், நான் இங்கே அழைத்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு வயது 68. இரண்டு முழங்காலிலும் வலி. சமதரையில் அரை மணி நேரம் நடப்பார். படி என்றால் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் ஏறுவார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. அப்பா மரவாடி வைத்திருந்தார். அவர் போன பிறகு அம்மா ஊரை விட்டு எங்குமே கிளம்பவில்லை. இந்தப் பயணத்துக்குச் சம்மதிக்க வைப்பதற்குள் நானும் அக்காவும் படாத பாடு பட்டோம். அதனால் அவர் திரும்பிப் போகும்போது மனம் நிறைந்து போக வேண்டும் என்று இருக்கிறது.

அலுவலக நண்பர்கள் போட்டுக் கொடுத்த திட்டம்: முதல் நாள் செல்லுலார் சிறை. அடுத்து ஹேவ்லாக், அங்கிருந்து எலிஃபண்ட் பீச், பிறகு நீல் தீவு. திரும்பி வந்து ஒரு நாள் பாராடாங் சுண்ணாம்புக் குகை, ஒரு நாள் ராஸ் தீவும் நார்த் பேயும், கடைசி நாள் ஜாலி பாய். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு எதையும் விடக்கூடாது" என்கிறார்கள். அம்மாவிடம் கேட்டால், "கடலை ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும், மீதி நாள் உனக்கு வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போடுகிறேன்" என்கிறார்.

இங்கே பெற்றோரை அழைத்து வந்து சுற்றிக் காட்டியவர்கள் சொல்லுங்கள். இதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்? கப்பலில் தலைசுற்றல் வந்தால் என்ன செய்வது? ஹேவ்லாக்கில் அம்மா சாப்பிடக்கூடிய சாப்பாடு கிடைக்குமா?

பதில் 1: ஹாடோ வண்டிக்காரர்

சார், சுற்றுலா வண்டி ஓட்டுகிறவன் என்ற முறையில் பாராடாங் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் காலை முதல் வரிசையைப் பிடிக்க வேண்டுமானால் விடியற்காலை மூன்றரை, நான்கு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அங்கே வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பாதுகாப்போடு அனுப்புவார்கள். உள்ளே போனால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஜாரவா பழங்குடி மக்களின் காடு. எங்கும் நிறுத்தக்கூடாது. ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால்கூட நிறுத்த முடியாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது எவ்வளவு சங்கடம் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு மிடில் ஸ்ட்ரெய்ட்டில் நீரிணையைத் தாண்ட வேண்டும், சிறிய விசைப்படகில் அலையாத்திக் காட்டுக்குள் போக வேண்டும், இறங்கி ஒரு கிலோமீட்டருக்கு மேல் மேடு பள்ளத்தில் நடக்க வேண்டும். திரும்பும் வரிசைக்கும் நேரம் உண்டு. அதற்குள் வந்து சேர வேண்டும்.

"வழியில் ஜாரவாக்களைப் பார்க்கலாம்" என்று யாராவது ஆசை காட்டினால் அந்த வண்டியில் ஏறாதீர்கள். அவர்கள் வீட்டு வாசல் வழியாக நாம் போகிறோம், அவ்வளவுதான். படம் எடுப்பது சட்டப்படி குற்றம். அம்மாவிடமும் இதைச் சொல்லிவையுங்கள். இந்த வயதில் இந்தப் பயணம் வேண்டாம் என்பது என் கருத்து.

பதில் 2: அபர்தீன் ஆசிரியை (ஓய்வு)

தம்பி, நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர். தமிழ்வழிப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். குளிர்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாராவது ஒரு பெரியவர் விருந்தாளியாக இருப்பார். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

உங்கள் நண்பர்கள் நாட்களைக் கணக்கிட்டிருக்கிறார்கள். நீங்கள் படகுகளைக் கணக்கிடுங்கள். முழங்கால் வலி உள்ளவரைக் களைப்படைய வைப்பது தூரமும் இல்லை, கடலும் இல்லை. படகில் ஏறுவதும் இறங்குவதும்தான். நீங்கள் எழுதிய திட்டத்தை ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஹேவ்லாக் போக, எலிஃபண்ட் பீச் போக, வர, நீலுக்கு, அங்கிருந்து ஊருக்கு, பாராடாங்கில் நீரிணைக்கும் குகைக்கும் போக வர, ராஸ், நார்த் பே, ஜாலி பாய்... ஏறுவதும் இறங்குவதுமாக முப்பது தடவைக்கு மேல் வருகிறது. இந்த வயதில் அது பெரிய தண்டனை. ஹேவ்லாக்கும் ராஸும் மட்டும் என்றால் எட்டே தடவை. அந்த எட்டையும் நல்லபடியாகச் செய்யலாம்.

எப்படி என்றும் சொல்கிறேன். துறையில் கட்டியிருக்கும் படகு சும்மா நிற்காது. அலைக்கு ஏறும், இறங்கும். துறைக்கும் அதற்கும் நடுவே ஓர் இடைவெளி விரியும், சுருங்கும். புதியவர்கள் அந்த இடைவெளியைக் குனிந்து பார்ப்பார்கள். பார்த்ததும் கால் கூசிவிடும். அம்மாவைக் கீழே பார்க்க விடாதீர்கள். நீங்கள் முதலில் ஏறித் திரும்பி நின்று, உங்கள் முன்கையை நீட்டுங்கள். அவர் உங்கள் விரலைப் பிடிக்கக்கூடாது, முழங்கைக்குக் கீழே அழுத்திப் பிடிக்க வேண்டும். படகு மேலே வந்து துறையோடு சமமாகும் நொடியில் "இப்போது" என்று சொல்லுங்கள். கப்பல் பணியாளர் பின்னால் ஒரு கை கொடுப்பார். வலி குறைந்த கால் முதலில். புடவையைக் கணுக்காலுக்கு மேல் வரும்படி கட்டச் சொல்லுங்கள். குதிகாலில் வார் உள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். கூட்டம் முண்டியடித்தால் முண்டியடிக்கட்டும், நீங்கள் கடைசியில் ஏறுங்கள். இருக்கை எண் போட்ட டிக்கெட்தானே, யாரும் எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்கள்.

ஜாலி பாய் அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே துறை கிடையாது. பெரிய படகிலிருந்து சிறிய படகுக்கு நடுக்கடலில் மாற வேண்டும். அதை விட்டுவிடுங்கள். எலிஃபண்ட் பீச்சில் தண்ணீர் விளையாட்டுத்தான் முக்கியம். நீலில் பெயர்பெற்ற அந்த இயற்கைப் பாலத்தைப் பார்க்க வேண்டுமானால், தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, வழுக்கும் பாறை மேல் நடந்து போக வேண்டும். இவை மூன்றும் உங்கள் வயதுக்கு உரியவை. நண்பர்களோடு இன்னொரு நாள் போய் வாருங்கள்.

அடுத்தது பொழுது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். இங்கே பிப்ரவரியில் ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். கடிகாரம் ஒன்றே தவிர, உங்கள் ஊரைவிடக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்னதாகவே விடிந்து, முன்னதாகவே இருட்டும். அம்மாவுக்குப் பசியும் தூக்கமும் பொழுதைப் பார்த்து வரும், மாத்திரை கடிகாரத்தைப் பார்த்துப் போட வேண்டியிருக்கும். ஏழு மணிக்கே இரவுச் சாப்பாடு கேட்டால் கொடுத்துவிடுங்கள். வெளியே போவது காலை ஏழரையிலிருந்து பத்தரைக்குள், பிறகு மூன்றரைக்கு மேல். நடுவில் வீடு, சாப்பாடு, படுக்கை. இங்குள்ள உச்சி வெயிலும் ஈரக் காற்றும் பெரியவர்களைச் சுருட்டிப் போட்டுவிடும்.

வந்த அன்று எங்கும் அழைத்துப் போகாதீர்கள். விமானத்தில் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட்டிலேயே பதிந்துவிடுங்கள். அம்மா வெட்கப்பட்டு வேண்டாம் என்பார், நீங்கள் கேட்காதீர்கள். முதல் பயணத்தில் அந்தப் பணியாளர்தான் அவருக்கு வழிகாட்டி.

செல்லுலார் சிறைக்குப் பிற்பகலில் போய், இருட்டியதும் நடக்கும் ஒலி ஒளிக் காட்சிக்கும் அப்படியே இருந்துவிடலாம். மாடிக்கு ஏற வேண்டியதில்லை. செக்குக் கொட்டகை, தூக்கு மேடை எல்லாம் கீழேதான். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த சிறை அது. நடுக்கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகள் பிரிந்து போகும். ஒரு சிறகின் முன்பக்கம் அடுத்த சிறகின் முதுகைத்தான் பார்க்கும்படி கட்டினார்கள். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. இன்று மூன்று சிறகுகள்தான் நிற்கின்றன. அம்மாவை ஒரே ஓர் அறைக்குள் அழைத்துப் போங்கள். பதின்மூன்றரை அடிக்கு ஏழு அடி. ஆள் உயரத்துக்கு மேலே பின்சுவரில் ஒரு சிறிய காற்றுத்துளை. அவ்வளவுதான் வெளிச்சம். எங்கள் வீட்டுக்கு வந்த பெரியம்மா ஒருவர் அந்த அறையில் நின்றதும் முதலில் கேட்டது, "ராத்திரி தண்ணீர் தாகம் எடுத்தால் என்ன செய்திருப்பார்கள்?" என்பதுதான். வழிகாட்டி சொன்ன வரலாறு எதுவும் அவர் காதில் ஏறவில்லை. உங்கள் அம்மாவுக்கும் அந்த நேரம் வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள். காட்சியின் விளக்கம் இந்தியில் இருக்கும். முந்தின நாளே வீட்டில் கதையாகச் சொல்லிவிடுங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இடித்த சிறகுகள் இருந்த இடத்தில்தான் ஜி.பி. பந்த் மருத்துவமனை 1963இல் வந்தது. அவசரம் என்றால் நாம் எல்லாரும் போகிற இடம் அது.

ராஸ் தீவை எனக்கு மிகவும் பிடிக்கும். 2018 முதல் அதற்கு நேதாஜி பெயர். அபர்தீன் துறையிலிருந்து கால் மணி நேரத்துக்குள் படகு போய்விடும். ஆங்கிலேயர் இந்தத் தீவுகளை ஆண்ட தலைமையிடம் அது. 1941 நிலநடுக்கத்தில் அடிவாங்கியது, மறு ஆண்டே ஜப்பானியர் வந்தார்கள். இப்போது தேவாலயச் சுவரையும் மாளிகைச் சுவரையும் ஆல், அத்தி இன வேர்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கூரை இல்லை, சுவருக்குள் மரம்தான் நிற்கிறது. மான்கள் பயமில்லாமல் பக்கத்தில் வரும், மயில் அகவும். உள்ளே மின்கல வண்டி ஓடுகிறது, நடக்க வேண்டியதில்லை. டிக்கெட் விற்பவர்கள் "நார்த் பேயும் சேர்த்துப் போங்கள்" என்று வற்புறுத்துவார்கள். ராஸ் மட்டும் போதும் என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

உங்கள் அப்பா மரவாடி வைத்திருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சாத்தம் மர ஆலையை விட்டுவிடாதீர்கள். உங்கள் நண்பர்கள் பட்டியலில் அது இல்லை. 1883இலிருந்து நடக்கும் அரசு ஆலை. பாலத்தைத் தாண்டினால் வண்டியிலேயே போய்விடலாம், படகு தேவையில்லை. ஞாயிறு விடுமுறை. அடிமரத்தை அறுத்துப் பலகையாக்குவது வரை பார்க்கலாம். படாக் மரம் நம் ஊர் வேங்கையின் இனம். புதிதாக அறுத்த பலகை செக்கச்செவேல் என்று இருக்கும். மரத்தூள் வாசனையே அம்மாவைப் பேச வைத்துவிடும். எத்தனையோ ஆண்டு அந்த வாசனைக்குள் இருந்தவர் அல்லவா? உள்ளேயே மரச் சிற்பங்கள் வைத்த வனத்துறைக் காட்சியகமும் இருக்கிறது. போரில் குண்டு விழுந்த பெரிய பள்ளத்தையும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

இனி ஹேவ்லாக். இரண்டு இரவு தங்குங்கள். கப்பலுக்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி மட்டும் போதும். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. தலைசுற்றல் மாத்திரையை அம்மாவின் மற்ற மாத்திரைகளைப் பார்க்கிற மருத்துவரிடம் ஊரிலேயே கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள், இங்கே கடையில் கேட்டு வாங்க வேண்டாம். கப்பலின் நடுப்பகுதியில் இருக்கை கேளுங்கள். தனியார் கப்பலில் ஒன்றரை மணி நேரம், ஆனால் அடைத்த குளிர்சாதன அறை. சால்வை கட்டாயம். அரசுக் கப்பலில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும், ஆனால் மேல்தளத்தில் காற்று வாங்கலாம். பிப்ரவரி, மார்ச்சில் கடல் பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும். பயப்படாதீர்கள்.

ராதாநகர் கடற்கரைக்கு மூன்றரை மணிக்குப் போய்விடுங்கள். வானுயர்ந்த மரங்கள் மணல் விளிம்பு வரை வந்து நிற்கும். அந்த நிழலில் உட்கார இடம் இருக்கிறது. அம்மா கேட்ட கடல் அதுதான். மணல் மாவுபோல் இருக்கும், சரிவும் குறைவு. காவலர் காட்டும் எல்லைக்குள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கால் நனைக்கலாம். மறுநாள் காலை காலாபத்தர் பக்கம் ஆட்டோவில் போங்கள். சாலை கடலை ஒட்டியே போகும், இறங்காமலே பார்க்கலாம். மீதி நேரம் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்காரட்டும். மாலையில் மணல் ஈ கடிக்கும், காலில் தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள்.

சாப்பாடு: ஹேவ்லாக்கில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியமர்த்தப்பட்ட குடும்பத்தினர். சோறு, பருப்பு, காய்கறி எளிதாகக் கிடைக்கும். ஆனால் காய்கறிக் குழம்பில் மீன் தலை கிடக்கலாம், கேட்டு வாங்குங்கள். வேறு கரண்டி, வேறு சட்டி என்று பார்க்கிறவராக இருந்தால், தங்கும் இடத்தில் முன்பே சொல்லி வையுங்கள். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கையில் இருந்தால் வெறும் சோறு எங்கும் கிடைக்கும். ஊரிலிருந்து அரிசி, எண்ணெய் எல்லாம் சுமந்து வர வேண்டாம். அபர்தீன் பஜாரில் தமிழ்க் கடைகளில் எல்லாம் இருக்கிறது. காய்கறி மட்டும் விலை. பெரும்பகுதி கப்பலில் வருவது.

ஒரு மாலை வெற்றிமலை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். அங்கே வரும் பெண்கள் இரண்டு நிமிடத்தில் "எந்த ஊர்?" என்று கேட்டுவிடுவார்கள். அதன்பிறகு உங்களுக்கு வேலை இருக்காது.

பதில் 3: பாம்பூஃப்ளாட்

டீச்சர் சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் எல்லாவற்றையும் நாமே "வேண்டாம்" என்று முடிவு செய்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை. என் அப்பாவுக்கு 72 வயது, தாவாங்கட்டை நடுங்கும் அளவுக்குப் பிடிவாதம். பாராடாங் போயே தீருவேன் என்றார். போனோம். களைத்துப்போனார், மறுநாள் முழுக்கப் படுத்திருந்தார். ஆனால் அலையாத்தி மரங்கள் தலைக்கு மேல் கூடாரமாகக் கவிந்த அந்தக் குறுகிய ஓடையில் படகு நுழைந்தபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். இன்றும் தொலைபேசியில் அதைத்தான் பேசுகிறார். அவருக்குக் கால் நன்றாக இருந்தது, உண்மைதான். உங்கள் அம்மாவிடம் படங்களைக் காட்டி, வழியில் என்னென்ன சிரமம் என்பதையும் சொல்லிக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் விடுங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

இன்னொன்று. பெரியவர்கள் பேரக்குழந்தைகளுக்குக் கொடுக்கக் கடற்கரையில் சிப்பி, பவளத் துண்டு பொறுக்குவார்கள். சட்டம் அனுமதிப்பதில்லை, விமான நிலையத்தில் பையைச் சோதித்து எடுத்துவிடுவார்கள். கடைசி நாளில் அந்த மனக்கஷ்டம் வேண்டாம், முதலிலேயே சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: ஜங்கிளிகாட் வாசி

எல்லாருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு அம்மாவோடு நெடுநேரம் பேசினேன். பாராடாங் படங்களைப் பார்த்துவிட்டு, "அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர்கள் காட்டு வழியாக நான் எதற்குப் போக வேண்டும்?" என்று சொல்லிவிட்டார். வண்டிக்காரர் அண்ணன் எழுதியதைப் படித்துக் காட்டியிருந்தேன். சாத்தம் மர ஆலை என்றதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அங்கே தேக்கும் அறுப்பார்களா?" என்று கேட்டார்.

புதிய திட்டம்: வெள்ளி வந்து சேர்கிறார், ஓய்வு. சனி பிற்பகல் சிறையும் ஒலி ஒளிக் காட்சியும். ஞாயிறு காலை ஹேவ்லாக், செவ்வாய் நண்பகலுக்குள் திரும்பிவிடுவோம், மாலை முருகன் கோயில். புதன் காலை ராஸ் தீவு. வியாழன் சாத்தம், முடிந்தால் மாலையில் சிடியா டாப்புவில் சூரியன் மறைவதைப் பார்ப்பது. வெள்ளி முழுதும் வீட்டில். என் அலுவலக நண்பர்கள் நான்கு பேரைச் சாப்பிட அழைக்கச் சொல்லியிருக்கிறார் அம்மா. சனி காலை விமானம். சரியாக இருக்கிறதா, டீச்சர்?

பதில்: அபர்தீன் ஆசிரியை (ஓய்வு)

நன்றாக இருக்கிறது தம்பி. ஹேவ்லாக்கை வாரத்தின் முன்பாதியில் வைத்தது நல்ல யோசனை. காற்று கிளம்பிக் கப்பலை நிறுத்திவிட்டாலும் விமானத்துக்கு ஆபத்தில்லை. கப்பல் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து எடுங்கள். சிடியா டாப்புவுக்கு நாலரைக்குள் போய்ச் சேர வேண்டும், நகரத்திலிருந்து 25 கிலோமீட்டர். காலையிலேயே சாத்தத்தை முடித்துவிட்டு நண்பகலில் அம்மா நன்றாகத் தூங்கினால் மட்டும் கிளம்புங்கள்.

ஒன்றை மாற்ற வேண்டும். புதன்கிழமை ராஸ் தீவுக்கு விடுமுறை. சாத்தத்தையும் சிடியா டாப்புவையும் புதனுக்கும், ராஸை வியாழன் காலைக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை விருந்துக்கு வாழையிலை வேண்டுமானால் எங்கள் வீட்டுப் பின்புறம் நிறைய இருக்கிறது. வியாழன் மாலை வந்து அறுத்துக்கொண்டு போங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.